கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அறை

(நாக்பூரில் நடந்த நம் சங்க உறுப்பினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் ஓய்வு பெற்ற கட்டுமானப் பொறியாளர்.)



இந்த மாதம் ஏதாவது பேசுங்கள் என்று காரியதரிசி கேட்டபோது, பாஷ்யம், பிரபந்தம் என்று எனக்கு அருகதை இல்லாத விஷயம் எதுவும் கொடுத்துவிடப் போகிறாரே என்று பயந்தேன். அவரோ, "உங்க பொண்ணு அகத்துல சுவருக்குள்ள ஒரு சமுத்திரம் இருக்காமே, அதைப் பத்தி பேசுங்கோ" என்றார். க்ருஹப்ரவேசத்துக்கு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அதே மாதிரி தங்கள் வீட்டிலும் வைக்க முடியுமா என்று கேட்டார்கள். மீதிப் பேர் இது பாவமில்லையா என்று கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் தனித்தனியாக வாசலில் நின்று பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். இன்று ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்று உத்தேசம்.

முதலில் பழைய கதை. 2003ல் நாங்கள் மும்பையில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருந்தோம். பெண்ணுக்கு 12 வயது. மரைன் டிரைவில் 1951ல் திறந்த தாராபூர்வாலா அக்வேரியத்துக்கு அவளை அழைத்துப் போனதுதான் வினை. (அது இப்போது இல்லை, கோவிட் காலத்தில் மூடினார்கள்.) அங்கே பார்த்த மீன்தான் வேண்டும், தங்க மீன் வேண்டாம் என்று பிடிவாதம். கிராஃபோர்ட் மார்க்கெட் போய் மூன்றடித் தொட்டி வாங்கினேன். கேனில் கடல் ஜலம் வந்தது. கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு ஜோடி கோமாளி மீன், நீலமாக நாலு டாம்ஸெல். பெண் ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் அதன் முன்னால்தான் உட்காருவாள்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். ஐந்து நாள் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் நாற்றம். தொட்டி ஜலம் பால் மாதிரி வெளுத்திருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க எனக்கு 10 நிமிஷம்தான் ஆயிற்று. பம்ப் ஒயரில் உப்பு ஜலம் மெல்ல வழிந்து ப்ளக்குக்குள் இறங்கியிருந்தது. கசிவு மின்சாரம் கண்டதும் இ.எல்.சி.பி. தன் கடமையைச் செய்து லைனை வெட்டிவிட்டது. அது நல்லதுதான், இல்லாவிட்டால் கையை வைத்தவர் போயிருப்பார். ஆனால் தொட்டியின் பம்ப், காற்று மோட்டார், விளக்கு எல்லாம் அந்த ஒரே லைனில். எல்லாம் நின்றுபோய் ஜலத்தில் பிராணவாயு தீர்ந்துவிட்டது. 30 வருஷம் மற்றவர்கள் கட்டடத்துக்கெல்லாம் கணக்குப் போட்ட பொறியாளர் வீட்டில் நடந்த கதை இது. வேறு யார் மேலும் பழி போட இடமில்லை. பெண் அழுதாள். பிறகு அந்த விஷயத்தை எடுக்கவே இல்லை. மூன்றடித் தொட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.

19 வருஷம் கழித்து, 2022ல், பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கே நாக்பூரில் மனை வாங்கி வீடு கட்டத் தீர்மானித்தார்கள். நாங்களும் மும்பையை விட்டு அவர்களோடு வந்து இருப்பதாக ஏற்பாடு. ஆர்க்கிடெக்ட் கொடுத்த வரைபடத்தை என் மேஜையில் விரித்தாள். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுச்சுவரில் பென்சிலால் ஒரு நீளக் கட்டம். 8 அடி.

"அப்பா, இந்த தடவை நீங்க டிசைன் பண்ணுங்கோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மாப்பிள்ளை நல்லவர். "உங்களுக்குச் சரின்னு பட்டாதான் மாமா" என்றார். மாப்பிள்ளை அப்படிச் சொன்ன பிறகு வேண்டாம் என்று எந்த மாமனாரால் சொல்ல முடியும்? என் அகமுடையாள்தான் நேராகக் கேட்டாள்: "ஏன்னா, பட்டது போறாதா?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீடு கட்டி முடித்து, ஷோகேஸ் வாங்குவது போல மீன் தொட்டி வாங்கி வைப்பது ஒரு வகை. நல்ல ஜலத்துச் சின்னத் தொட்டிக்கு அது போதும். சுவரோடு பதிந்த பெரிய கடல் தொட்டி வேண்டுமென்றால் அஸ்திவாரத்துக்கு முன்னாலேயே அதைத் தீர்மானித்தாக வேண்டும். ஏன் என்பதற்குக் கணக்கு சொல்கிறேன்.

8 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். 50 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல்; ஆக சுமார் 1400 லிட்டர். கடல் ஜலம் நல்ல ஜலத்தைவிடக் கொஞ்சம் கனம். அது 1430 கிலோ ஆயிற்றா? 19 மில்லிமீட்டர் கண்ணாடி 300 கிலோவுக்கு மேல். பாறை, மணல், அடியில் இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்தால் 2 டன் தாண்டிவிடும். தொட்டி உட்காரும் இடமோ 20 சதுர அடி. சதுர அடிக்கு 100 கிலோவுக்கு மேல். குடியிருக்கும் அறைகளுக்கு நமது ஐ.எஸ். 875 விதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சதுர அடிக்கு 20 கிலோவுக்கும் குறைவு. ஐந்து மடங்குக்கு மேல்! அதுவும் விருந்தாளி வந்து போவது போல வந்து போகிற பாரமில்லை, வருஷக்கணக்கில் நகராமல் உட்கார்ந்திருக்கிற பாரம். மாடி ஃப்ளாட்டில் இருக்கும் உறுப்பினர்கள் கோபிக்கக் கூடாது. உங்கள் கட்டடத்தின் வரைபடத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் இந்த அளவுத் தொட்டியை நினைக்கவே நினைக்காதீர்கள். கடைக்காரர், "ஒன்றும் ஆகாது ஸார்" என்பார். ஆகாமலும் இருக்கலாம். கீழ் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?

நாங்கள் தரைத் தளத்தில் வைத்தோம். அங்கேயும் நாக்பூருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு, நம் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் சாதாரணத் தளம் போட்டு 2 டன்னை வைத்தால், ஒரு ஓரம் கொஞ்சம் தூக்கினால் போதும், கண்ணாடியின் ஒரு மூலைக்கு அழுத்தம் ஏறிவிடும். அதனால் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, முரம் நிரப்பி இறுக்கி, தொட்டிக்கென்றே தனி மேடை ஒன்றை பிளிந்த் பீமோடு சேர்த்துக் கட்டினோம். தண்ணீர் மட்டம் பார்த்து 2 மில்லிமீட்டர் பிசகுக்குக்கூட மேஸ்திரியோடு சண்டை போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்னொரு விஷயம். சுவரில் பதிந்த தொட்டி என்று சொல்கிறோமே தவிர, சுவர் அதன் மேல் உட்காரக் கூடாது. மேலே லிண்டல் போட்டு, சுவர் பாரத்தை அதில் ஏற்றிவிட வேண்டும். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு, முன்னால் ஒரு மரச் சட்டம் அடித்து மறைத்தால் பார்க்கிறவர்களுக்குச் சுவருக்குள் கடல் மாதிரித் தெரியும். சட்டம் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் சாசுவதமில்லை. ஒரு நாள் தொட்டியையே வெளியே எடுக்க வேண்டி வரும். அப்போது எந்த வழியாக எடுப்பது? வாசற்படி, திருப்பம் எல்லாம் அளந்து பார்த்தீர்களா? நம்மில் பலர் பீரோவை மாடிக்கு ஏற்ற முடியாமல் பால்கனி கிராதியைக் கழற்றியவர்கள்தானே!

உயரம் ஏன் இரண்டரை அடியோடு நிறுத்தினேன் என்று மாப்பிள்ளை கேட்டார். நாலடி இருந்தால் இன்னும் அழகாக இருக்கும்தான். ஆனால் ஜலத்தின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. எங்கள் தொட்டியின் முன் கண்ணாடியை ஜலம் மொத்தமாகத் தள்ளுகிற பலம் 700 கிலோ எடைக்கு மேல். அதே நீளத்துக்கு உயரத்தை இரட்டித்தால் தள்ளு பலம் நாலு மடங்காகும். அது ஒரு காரணம். இரண்டாவது காரணம், என் பெண்ணின் கை நீளம். அடியில் விழுந்த பாறையை எடுக்க யார் முங்குவது?

நாங்கள் இப்படி அளந்துகொண்டிருந்த சமயம்தான், 2022 டிசம்பர் 16, பெர்லினில் ஒரு ஹோட்டல் லாபியில் இருந்த மாபெரும் உருளைத் தொட்டி விடியற்காலையில் வெடித்தது. 10 லட்சம் லிட்டர் கடல் ஜலம், சுமார் 1500 மீன். அத்தனையும் ரோடு வரை ஓடிற்று. மீன்களில் அநேகமாக எல்லாம் போயிற்று. பகலில் நடந்திருந்தால் எத்தனை மனிதர்களோ. மறுநாள் காபியோடு பேப்பரையும் என் முன்னால் வைத்துவிட்டு அகமுடையாள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் அதற்கு அர்த்தம் வேறு.

அன்று சாயங்காலம் பெண்ணோடு உட்கார்ந்தேன். "கண்ணாடிக் கணக்கு நான் பார்த்துக்கறேன். அது உடையாது. ஆனா நம்ம பழைய தொட்டி உடைஞ்சா போச்சு? ஆள் இல்லாம போச்சு. அதுக்கு உன் பிளான்ல இடம் எங்கே?" என்று கேட்டேன். அவள் வரைபடத்தில் ஹாலிலிருந்து பார்க்கும் முன்பக்கம் அழகாக இருந்தது. பின்பக்கம் சாப்பாட்டு அறை. அந்தப் பக்கமும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பார்க்கலாம். பார்க்கலாம் சரி, வேலை எங்கிருந்து செய்வது?

நம் கோவில்களை நினைத்துப் பாருங்கள். சன்னிதியில் நாம் பார்க்கிறது பெருமாளை மட்டும்தான். மடைப்பள்ளி, கிணறு, நந்தவனம், பாத்திரம் தேய்க்கிற இடம், ஜலம் வெளியே போகிற கோமுகி எல்லாம் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். மடைப்பள்ளி இல்லாத சன்னிதி எத்தனை நாள் நடக்கும்? கடல் தொட்டிக்கும் ஒரு மடைப்பள்ளி வேண்டும். இதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன். முன்பக்கத்தை வரைவதற்கு முன்னால் பின்னறையை வரையுங்கள்.

வேடிக்கையாக ஒன்று சொல்கிறேன். 1846ல் இங்கிலாந்தில் ஆனா தைன் என்ற ஒரு பாதிரியாரின் மனைவி டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களை ஜாடியில் லண்டனுக்குக் கொண்டுவந்து வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தார். வீட்டில் கடல் ஜலத் தொட்டி என்பதை முதலில் சாதித்தவர்களில் ஒருவர் என்று அவர் பெயரைச் சொல்வார்கள். அவரிடம் மோட்டாரா, மின்சாரமா? தினமும் ஜன்னலோரம் நின்று, ஜலத்தை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு, நம் காபி ஆற்றுகிற மாதிரி, ஆற்றி ஆற்றி ஊற்றியது அவர் வீட்டுப் பணிப்பெண். அந்தப் பெண்ணின் பெயர் யாருக்குத் தெரியும்?

ஆக, சாப்பாட்டு அறைப் பக்கத்துக் கண்ணாடி போயிற்று. அங்கே 8 அடிக்கு 6 அடியில் ஓர் அறை வந்தது. அந்த இடம் ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்தது. வடாம், அப்பளம், வருஷத்துப் புளி வைக்கிற இடத்தைக் குறைத்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

அந்த அறையில் என்ன இருக்கிறது? தொட்டிக்குப் பக்கத்தில் தாழ்வாக இன்னொரு தொட்டி, சம்ப் என்பார்கள். மேல் தொட்டியிலிருந்து ஜலம் வழிந்து அதில் விழுந்து, வடிகட்டி, நுரையோடு அழுக்கை வெளியேற்றும் ஸ்கிம்மர் எல்லாம் தாண்டி, பம்ப் மூலம் மேலே போகும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும். மேலே இருக்கிற ஜலம் கொஞ்சம் குழாய் வழியாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். எங்கள் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினால் 47 லிட்டர். சம்ப்பில் அதற்கு இடம் இல்லாவிட்டால் அந்த 47 லிட்டர் உப்பு ஜலம் ஹாலில்தான். ரிட்டர்ன் குழாயின் வாயை ஜலமட்டத்துக்கு ஓர் அங்குலம் மட்டும் கீழே வைத்தால், அது காற்றை இழுத்ததும் உறிஞ்சல் நின்றுவிடும். வால்வை நம்பாதீர்கள். உப்பு ஏறி ஒரு நாள் மூடாது. முதல் தடவை ஜலம் நிரப்பியதும், மீன் எதுவும் வருவதற்கு முன்னால், நான் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். எல்லாரும் ஹாலில் நின்று பார்த்தார்கள். ஒன்றரை அங்குலம் இறங்கி நின்றது. சம்ப் விளிம்புக்கு நாலு விரல் கீழே. இந்தப் பரீட்சையை எட்டு தடவை செய்தேன்.

மின்சாரத்துக்கு இரண்டு லைன். இரண்டுக்கும் தனித்தனிக் கசிவுக் காப்பு ஸ்விட்ச், 30 மில்லி ஆம்பியர். பம்ப் ஒன்றில், அலை மோட்டாரும் காற்று மோட்டாரும் மற்றதில். ஒன்று வெட்டினால் மற்றது ஓடும். இன்வெர்ட்டரில் காற்று மோட்டாரும் ஒரு சின்ன பம்ப்பும் மட்டும். ப்ளக்குகள் எல்லாம் ஜலமட்டத்துக்கு மேலே சுவரில், ஒயர் ஒவ்வொன்றும் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறும். வழிகிற ஜலம் வளைவிலேயே சொட்டிவிடும். 2003ல் இந்த வளைவு இருந்திருந்தால் போதும். அதற்குக் காலணாச் செலவில்லை.

பிறகு நாக்பூர் வெயில். மே மாதம் 45 டிகிரி. கடல் மீனுக்கு வேண்டியது 25, 26. சூடான ஜலத்தில் பிராணவாயு கரைவதும் குறைவு. குளிர்விக்கும் சில்லர் அவசியம். அது ஜலத்திலிருந்து எடுத்த சூட்டை வெளியே துப்பும். அந்தச் சின்ன அறைக்குள் அதை வைத்தால் தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டிருக்கும். எங்களுடையது கொல்லைப்புறம் நிழலில் இருக்கிறது, சுவர் வழியாகக் குழாய். எக்ஸாஸ்ட் ஃபேன் எப்போதும் ஓடும். தொட்டி ஜலம் தினமும் ஆவியாகும். அந்த ஈரம் எங்கே போகும்? ப்ளைவுட் அலமாரி உப்பி, சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஸ்டோர் ரூம் அப்பளமும் நமுக்கும்! உப்புக் காற்று இரும்பைத் தின்னும். கடலோர மும்பைக் கட்டடங்களில் கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பிதுங்கியதை என் உத்தியோகத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதனால் இந்த அறையில் தரை முதல் மேல் வரை டைல்ஸ், கதவு பி.வி.சி., தரையில் சரிவும் வடிகாலும்.

ஆவியாவது ஜலம் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைகிற அளவுக்குத் தினம் நல்ல ஜலம்தான் விட வேண்டும், உப்பு ஜலம் இல்லை. இதைத் தலைகீழாகச் செய்து மீனைக் கொன்றவர்கள் உண்டு. அந்த நல்ல ஜலமும் நம் குழாய் ஜலம் இல்லை. ஆர்.ஓ. கடந்து, இன்னொரு வடிகட்டியும் கடந்து, டி.டி.எஸ். பூஜ்யம் காட்ட வேண்டும். சமையல் உப்பைக் கரைத்தால் ஆகாதா என்று ஒரு மாமா கேட்டார். கடல் என்பது சோடியம் குளோரைடு மட்டுமில்லை மாமா. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்ஃபேட் என்று எல்லாம் அதனதன் அளவில் இருக்க வேண்டும். அதற்கென்று தயார் செய்த உப்பு கிடைக்கிறது. லிட்டருக்கு 36 கிராம் என்று வைத்தால், முதல் தடவை நிரப்பவே 50 கிலோ. பிறகு இரண்டு வாரத்துக்கொரு முறை பத்தில் ஒரு பங்கு ஜலம் மாற்ற 5 கிலோ. எடுத்த பழைய உப்பு ஜலத்தைத் துளசி மாடத்துப் பக்கம் கொட்டிவிடாதீர்கள். அது சாக்கடை லைனுக்குத்தான் போக வேண்டும். ஆர்.ஓ. தள்ளுகிற ஜலம் வேறு, அது செடிக்கு ஆகும்.

வாஸ்துக்காரர் ஈசான்ய மூலையில் ஜலம் வையுங்கள் என்றார். நான் வாஸ்துவைப் பற்றி வாதாடுவதில்லை. வடகிழக்கில் வைத்தால் மேற்கு வெயில் படாது, பாசி குறையும், சில்லருக்கும் வேலை குறையும். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். கொசுவர்த்தி லிக்விட், பூச்சி மருந்து ஸ்ப்ரே எதுவும் ஹாலில் கிடையாது. அந்த மருந்துகள் மனிதனைவிட மீனுக்கு மகா விஷம். தாமிரமும் ஆகாது. க்ருஹப்ரவேசத்தன்று ஒரு மாமி பக்தியோடு செப்புச் சொம்பிலிருந்து கங்கா ஜலத்தைத் தொட்டியில் விடப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். இன்றைக்கும் அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இனி பாவ புண்ணியத்துக்கு வருகிறேன். இதுதான் எங்கள் வீட்டில் கஷ்டமான பகுதி.

பவளம் வேண்டும் என்று ஆசைப்படாதவர்கள் கிடையாது. ஆனால் பவளப்பாறை உயிர்களையும் கடல் குதிரைகளையும் 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் சேர்த்துவிட்டார்கள். புலிக்குக் கொடுக்கிற பாதுகாப்பு. யாராவது ஜீவனுள்ள பாறை என்று சொல்லி மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்ததை விற்றால் வாங்காதீர்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கிற அந்த 21 தீவுகளைச் சுற்றி ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பாறையைப் பாறையாக வெட்டி எடுத்தார்கள். 1986ல் அது தேசியப் பூங்காவாயிற்று. ராமேஸ்வரத்தில் சேதுஸ்நானம் செய்துவிட்டு வந்து, அதே சமுத்திரத்துச் சொத்தை வீட்டில் வைக்கலாமா? எங்கள் தொட்டியில் இருப்பது செயற்கைப் பாறைதான்.

அடுத்தது மீன். அகமுடையாள் ஒரே நிபந்தனை போட்டாள். "அகத்து ஃப்ரிட்ஜ்ல இறால் வெக்கறதா? நான் இருக்கறவரைக்கும் நடக்காது. சைவ மீனா பாத்து வாங்குங்கோ." எல்லாரும் சிரிக்கிறீர்கள். ஆனால் சைவ மீன் உண்டு! ஸர்ஜன் மீன் என்கிற வகை பெரும்பாலும் பாசிதான் மேயும். லட்சத்தீவுப் பக்கத்து நீல ஸர்ஜன் பார்க்கவும் வெகு அழகு. கடல்பாசித் தாளைக் கட்டித் தொங்கவிட்டால் கொறிக்கும். சரி, பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தேன்.

பெண் மாட்டேன் என்றாள். நம் கடைகளுக்கு வருகிற ஸர்ஜன் அநேகமாகக் கடலில் பிடித்தது. வலை, பிளாஸ்டிக் பை, விமானம் என்று வருகிற வழியிலேயே எத்தனை போகுமோ. "ஒரு தடவை ஆறு மீனைக் கொன்னாச்சுப்பா. இந்த தடவை கடல்லேர்ந்து எதையும் எடுக்கறதில்லை. ஹேச்சரில பொறந்ததுதான்" என்றாள். கோமாளி மீனையும் சில டாம்ஸெல் வகைகளையும் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முறையை நம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரே கண்டு பிடித்திருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்ததால் கடலைப் பார்த்ததே கிடையாது. ஆனால் அவை சாப்பிடுவது? உருண்டைத் தீனியில் மீன் தூள், நடுநடுவே உறைய வைத்த குட்டி இறால்.

இப்போது சொல்லுங்கள். தாவரம் தின்பதைக் கடலிலிருந்து பிடித்து வருவது தர்மமா, பண்ணையில் பிறந்ததற்கு இறால் போடுவது தர்மமா? இரண்டு மாதம் பேசினோம். மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து தாமதமாக வர ஆரம்பித்துவிட்டார். கடைசியில் அகமுடையாளே ஒரு வழி சொன்னாள். பின்னறையில் தனிச் சின்ன ஃப்ரிட்ஜ். அந்த அறைக்குக் கொல்லைப்புறமாகத் தனி வாசல், தனி ஸிங்க். அங்கே வேலை செய்தவர் கையைக் காலை அலம்பிக்கொண்டு சுற்றி வந்துதான் வீட்டுக்குள் நுழையலாம். அவளுக்காக வைத்த அந்த வாசல்தான் இன்று சில்லர் ரிப்பேர்க்காரருக்கும், உப்பு மூட்டை இறக்கவும், எல்லாவற்றுக்கும் உதவுகிறது. எந்த ஆர்க்கிடெக்ட்டும் இதைச் சொல்லவில்லை. அதற்காக அவள் சமாதானம் ஆகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஏகாதசியன்று இறால் கிடையாது, அது தனி உத்தரவு. ஒரு நாள் பட்டினி மீனுக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை.

2024 தை மாதம் க்ருஹப்ரவேசம். அன்று வந்தவர்கள் பார்த்தது வெறும் ஜலத்தையும் பாறையையும்தான். "மீனெங்கே மாமா?" என்று குழந்தைகள் பாவம் ஏமாந்து போனார்கள். ஜலம் நிரப்பினால் தொட்டி தயாராகிவிடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும் நுண்ணுயிர் ஒன்று, அந்த நைட்ரைட்டும் விஷம், அதை அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர் இன்னொன்று. இரண்டும் பாறையில் குடியேறிப் பெருகக் குறைந்தது நாலு முதல் ஆறு வாரம் ஆகும். எங்கள் தொட்டியில் ஒன்பது வாரம் ஆயிற்று. பெண் ஒரு நோட்டில் தினமும் அளவு எழுதினாள். இரண்டும் பூஜ்யமான பிறகும் இன்னும் ஒரு வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காரணம் கேட்கவில்லை.

இப்போது 9 மீன் இருக்கிறது. 8 அடித் தொட்டிக்கு 9 மீனா என்று கேட்கிறார்கள். போதும். அதில் ஒரு ஜோடி கோமாளி. அவர்கள் குடும்பத்தில் பெரியது பெண்தான். அது போய்விட்டால் ஆணே பெண்ணாக மாறிக் குடும்பத்தை நடத்தும். மாமிகள் கவனிக்க வேண்டிய விஷயம். மண் சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம், அதற்குள் முட்டை போடுகிறது. அப்பாதான் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக்கொண்டு காவல்.

கோமாளி மீன் நல்ல கவனிப்பில் 20 வருஷத்துக்கு மேலும் இருக்குமாம். எனக்கு 74. பெண்ணும் மாப்பிள்ளையும் உத்தியோகஸ்தர்கள். ஆகவே பின்னறைச் சுவரில் ஒரு முறைப் பட்டியல் தொங்குகிறது. ஜலம் நிரப்ப ஒருவர், தீனிக்கு ஒருவர், சனிக்கிழமை ஜலம் மாற்ற இரண்டு பேர். வீட்டில் யாரும் இல்லாத நாட்களுக்கு எதிர் வீட்டு மராட்டிப் பையன் ஒருவனைப் பழக்கியிருக்கிறோம். போன மாதம் கும்பகோணத்தில் மறுபடி ஒரு கல்யாணம், எல்லாரும் நாலு நாள் போனோம். பெண் ரயிலில் இரண்டு மணிக்கொரு தடவை அவனுக்கு போன் போட்டாள். நாலாம் நாள் திரும்பி வந்து நான் சாவியைப் போட்டபோது அவள் எனக்குப் பின்னாலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. நான் விளக்கைப் போட்டு எண்ணினேன். ஒன்பது. வெளியே வந்து சொன்னேன்.

நேரமாகிவிட்டது, காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். தொட்டி வைக்க நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து பின்னறையைப் பாருங்கள், கொல்லை வாசல் வழியாக. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். இன்று ராத்திரி ஜலம் நிரப்புவது என் முறை, கிளம்ப வேண்டும்.